உடலைக் கேட்டவன்

ஷார்ஜா விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில்
பெட்டியோடு சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு கிலோ
என்று காட்டியது தராசு.
"எல்லாம் இதில் அடக்கம்" என்றாய், அறிவுக்கரசு.
"ஆத்துமாவுக்குத் தனி ரசீது போடுவீர்களா
உங்கள் கம்பெனியில்?"

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
பெட்டிக்குள் ஷஃபிகுல் இருந்தான்.
சாரத்திலிருந்து விழுந்தவன்,
உன் அறையின் மேல்கட்டில்காரன்.

முந்தின இரவு சஜா முகாமின் மொட்டைமாடியில்
நீ சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.
வானம் யாரையும் பார்க்கவில்லை.
சட்டை முதுகில் காய்ந்த உப்பு
தேசமில்லாத வரைபடம்,
நாளை துவைத்தால் போய்விடும், அவ்வளவுதான் மனிதன்.
அர்த்தம் என்பது
சம்பளம் வராத மாதத்தில்
முதலாளி அனுப்பும் குறுஞ்செய்தி.

என்னிடம் பதில்கள் இருந்தன.
வாலிபர் கூட்டத்தில் நோட்டில் எழுதியவை:
கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவர்,
முதல் அசைவுக்கு முதல் காரணர்.
முத்திரை குத்திய படிவங்கள் போல
அடுக்கி வைத்திருந்தேன்.
ஷஃபிகுலின் காலில் ஒற்றைச் செருப்பு.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

நீதான் பார்த்தாய்,
பெட்டிமேல் ஒட்டிய பெயரில்
ஓர் எழுத்து பிசகியிருந்ததை.
நண்பகல் அடைப்பில் தட்டச்சுக் கடை ஷட்டரைத் தட்டி,
தூங்கிய மலையாளியை எழுப்பி,
தூதரகச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு,
எல்லாவற்றிலும் திருத்தி வாங்கினாய்.
பத்து திர்ஹம், உன் கைக்காசு.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
"ஒன்றுமே இல்லையென்றால்
ஓர் எழுத்துக்கு ஏன்டா இந்த வெயில்?"
"அவன் அம்மா பார்ப்பாள்.
அதற்கு உன் கர்த்தர் எதற்கு?"
என்றாய், தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் கவிழ்த்துக்கொண்டு.
சரிதான். மறுபடியும் தோற்றேன்.

ஆகவே இதை வாதமாய் எடுக்காதே.
என் தொழிலைப் பற்றிய ஒரு தகவல்.

முன்பு ஒருவன் இருந்தான், அரிமத்தியா ஊர்க்காரன்.
கூடத் திரிந்தவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்ட நேரம்
தேசாதிபதியின் அலுவலகத்துக்கு நடந்து போய்
ஓர் உடலைக் கேட்டான்.
தடையில்லாச் சான்று வாங்கினான்.
துணி வாங்கினான். ஆணி பிடுங்கினான்.
ஓய்வுநாள் தொடங்குமுன், அவசர அவசரமாய்,
தனக்கென்று வெட்டிய குழியில் கிடத்தினான்.
அந்த நேரத்தில் அவன் எதை நம்பினான், தெரியாது.
பாரம் தெரிந்திருக்கும்.

நான் கும்பிடுவது அந்தப் பாரத்தை.
தராசில் ஏற்ற முடிந்தவர்.
மேலேயிருந்து விளக்கம் சொல்லாமல்
பெட்டிக்குள் இறங்கினவர்.
ஏன் என்று கத்தி, பதில் வராமல் செத்தவர்.
அறிவு, அன்றைக்கு அவர் வானமும்
உன் வானம் மாதிரிதான் இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை.
வேதத்தில் அந்த நாளுக்கு ஏறக்குறைய எழுத்தே இல்லை.
கடவுள் இல்லாத நாள் ஒன்று
எங்கள் கணக்கிலும் உண்டு.
நீ அங்கே குடியிருக்கிறாய்.
நானும் பல மாதம் அங்கே வாடகை கொடுத்திருக்கிறேன்,
ஏசி ஒழுகும் வாளிச் சத்தத்தை
ஜெபத்துக்குப் பதிலாய்க் கேட்டுக்கொண்டு.

இந்த ஊரிலோ விடுமுறை வெள்ளிக்குத்தான்.
சிலுவையின் கிழமையில்
உயிர்த்தெழுதலின் ஆராதனை,
யர்மூக்கில், வெளியே சிலுவை வைக்காத கோவிலில்.
சாவதும் எழுவதும் ஒரே நாளில் நெருக்கியடித்துக்கொண்டு,
ஒரே கட்டிலில் இரண்டு ஷிப்ட் ஆட்கள் மாதிரி.

முடியும்வரை வாசலுக்கு வெளியே
பழைய சன்னி காரில் ஏசி போட்டுக் காத்திருப்பாய்,
பிரியாணிக் கடைக்குப் போக.
நான் கதவைத் திறந்ததும்
"என்ன, எழுந்தாரா?" என்பாய் கிண்டலாக.
ஷஃபிகுல் போன பிறகு
ஒரு வெள்ளிகூட அதைக் கேட்காமல்
நீ வண்டியை எடுத்ததில்லை.